இரண்டாம் கட்டப் பாலம்

வீதி என்றால் அதற்கு இரண்டு முனை இருக்கவேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எஞ்சினியரிங் படிக்கத் தேவையில்லை. மாட்டுவண்டி ஓட்டத் தெரிந்தாலே போதும். எழுபதுகளில் சிட்னியில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் இருந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டேதான் ஒரு முனை இல்லாத வீதியைப் போட்டார்கள். அது போன இடம் பிலிப்பைன்ஸில் ஒரு கடற்கரை ஊர். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் வரைபடத்தை விரித்துத் தேட யாருக்கும் பொறுமை இருக்காது.

இலங்கையில் பத்துப் பன்னிரண்டு வருடம் வீதி போட்டவன் நான். சிட்னிக்கு வந்ததும் என்னைப் படவரைஞனாக்கி ஒரு சாய்வுப் பலகைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். "உங்கள் பட்டம் நல்ல பட்டமாகத்தான் இருக்கும். ஆனால் எங்களுக்கு அதைப் பற்றித் தெரியாது" என்றார் வேலைக்கு எடுத்த தலைமை எஞ்சினியர். அவருக்குத் தெரியாதது எனக்குக் குறையாகிவிட்டது. அந்த நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனாலும் மனைவியும் நானும் ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம், சாப்பிட வேண்டும். யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பேனாவை எடுத்தேன்.

அலுவலகத்தில் படங்களைப் பிரதி எடுக்கும் அறையில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண் வேலை பார்த்தாள். பிரதி எடுக்கும் இயந்திரத்தில் அமோனியா ஊற்றவேண்டும். அந்த நெடிக்குப் பயந்து எல்லோரும் படத்தைக் கொடுத்துவிட்டு ஓடிவிடுவார்கள். என் மூக்கு சிட்னிக் குளிரில் எப்போதும் அடைத்தே கிடந்ததால் அங்கே நின்று கதைக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான். மணிலாவில் ஒரு ஆஸ்திரேலியக் குடும்பத்தில் வீட்டு வேலை பார்த்து, அவர்களோடு இங்கே வந்து, பிறகு இந்த வேலை கிடைத்துத் தனியாகத் தங்கிவிட்டவள். என்னைக் 'கூயா' என்று கூப்பிட்டாள். அவர்கள் மொழியில் அண்ணன்.

ஒரு மழை நாளில் நனைந்த என் காலணியைப் பார்த்து, "சப்பாத்தோஸ்" என்று ஏதோ தன் பாட்டில் சொன்னாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் ஊரிலும் அது சப்பாத்துத்தான் என்றேன். அன்றைக்கு மத்தியானம் முழுக்க அந்த நெடிக்குள் நின்று சொற்களைத் தேடினோம். சமையலறையை நாங்கள் குசினி என்போம், அவர்கள் குசினா என்றார்கள். மேசை அங்கே மேசா. ரொட்டிக்கு நாங்கள் சொல்லும் பாண் அங்கே பான். அவளுடைய ஊரை ஸ்பெயின்காரன் ஆண்டான், எங்களைப் போர்த்துக்கேயன் ஆண்டான். இரண்டு பேரும் கொண்டுபோனது கொஞ்சமில்லை. விட்டுவிட்டுப் போனதோ கழற்றிப் போட்ட சப்பாத்தும் காய்ந்த பாணும். இதைச் சொன்னபோது அவள் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்த வருடம்தான் அலுவலகத்துக்குப் பெரிய வேலையொன்று வந்தது. வெளிநாட்டு உதவிப் பணத்தில் பிலிப்பைன்ஸில் ஒரு மலையைத் தாண்டிக் கடற்கரைக்கு வீதி போடும் வேலை. முதல் படத்தைப் பிரதி எடுக்கக் கொண்டுபோனேன். அவள் அதை வாங்கி, மேசையில் விரித்து, ஊரின் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். அது அவள் பிறந்த ஊர்.

அந்த ஊருக்குப் பின்னால் மலை. முன்னால் கடல். மலைக்கும் ஊருக்கும் நடுவில் அகலமான ஓர் ஆறு வந்து கடலில் விழுந்தது. பாலம் கிடையாது, மலையில் பாதையும் கிடையாது. வெளியே போவதென்றால் கடலில் படகு. காற்றுக் காலத்தில் அதுவும் இல்லை. அவளுடைய புருஷன் மூன்று வயது மகளுக்குக் காய்ச்சல் என்று வைத்தியரிடம் படகில் கொண்டுபோனான். ஆற்று வாயில் படகு கவிழ்ந்தது. அவனை எடுக்க முடியவில்லை. பிள்ளை கவிழ்ந்த படகின் அடிப்பலகையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை படகில் கால் வைக்கவில்லை. தண்ணீர்க் கரைக்குக் கூட்டிப்போனாலே உடம்பு விறைத்து வலிப்பு வந்துவிடும். இவள் பிழைப்புத் தேடிப் பிள்ளையைத் தன் தமக்கையிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டாள். மகளைச் சிட்னிக்கு எடுக்க அனுமதிக்கு எழுதிப்போட்டிருந்தாள். அனுமதி கிடைத்தாலும் பிள்ளையை ஊரிலிருந்து எப்படி வெளியே எடுப்பது என்பதுதான் அவளுடைய ராத்திரி பகல் யோசனை.

"பஸ்ஸில் போவேன் கூயா. அவளைப் பஸ்ஸில் ஏற்றி மடியில் வைத்துக்கொண்டு வருவேன். தண்ணீரை அவள் பார்க்கவே வேண்டாம். பாலம் வரும்போது கண்ணைப் பொத்திவிடுவேன்" என்றாள்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று சொல்வார்களே, அப்படி இருந்தது. அந்தப் பாலத்தை வரையும் வேலையும் எனக்கே கிடைத்தது. சிட்னிக்கு வந்தபின் நான் மனம் வைத்துச் செய்த முதல் வேலை அது. அழகான பாலம் என்று சொல்லமாட்டேன். உறுதியான, சிக்கனமான கொங்கிரீட் பாலம். ஓரத்தில் நடந்து போகிறவர்களுக்கு ஒரு நடைபாதை. கைப்பிடிச் சுவரைக் கொஞ்சம் உயர்த்தி வரைந்தேன், ஒரு பிள்ளை நின்றால் தண்ணீர் தெரியாத உயரத்துக்கு. தலைமை எஞ்சினியர் அதைக் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். தினமும் தேநீர் நேரத்தில் என் பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்று, எந்தத் தூண் முடிந்தது, எது மிச்சம் என்று பார்த்துவிட்டுப் போவாள். கட்டி முடித்துவிட்டதைப் போலத்தான் இரண்டு பேரும் இருந்தோம்.

பிறகு ஒரு நாள் தலைமை எஞ்சினியர் சிவப்புப் பென்சிலோடு வந்து நின்றார். பணம் கொடுப்பவர்கள் செலவைக் குறைக்கச் சொல்லிவிட்டார்களாம். ஆற்றின் இக்கரையில், மலைப் பக்கத்தில், கப்பலுக்குப் புதுத் துறைமேடை கட்டுகிறார்கள். வீதி அதோடு நிற்கும். பாலத்தை ஒரு சிவப்பு வட்டத்துக்குள் போட்டு, பக்கத்தில் 'இரண்டாம் கட்டம்' என்று எழுதினார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. மலையில் வெட்டுகிற மரம் இக்கரைக்கு வந்து கப்பல் ஏறும். அதற்கு அக்கரை தேவையில்லை. ஊர்தான் அக்கரையில் இருந்தது.

"ஊருக்கு வீதி என்றுதானே பணம் வாங்கினார்கள்? ஊருக்கே போகாதே" என்றேன்.

"படகு இருக்கிறதுதானே? இவ்வளவு காலமும் அதில்தானே போனார்கள்" என்றார்.

"பாலத்தைத் தொடாமல் மலையில் வீதியின் அகலத்தைக் குறைக்கலாம். நான் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்."

"உங்களை வரையத்தான் எடுத்தோம்" என்றார். குரலை உயர்த்தவில்லை. அங்கே யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள். மென்மையாகச் சொல்லியே ஒருவனை நாற்காலியோடு சேர்த்து ஆணி அறைந்துவிடுவார்கள்.

அன்றைக்குப் பின்னேரம் ரயில் துறைமுகப் பாலத்தின் மேல் வந்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதர்கள் இக்கரையில் தூங்கி அக்கரையில் வேலை பார்ப்பதற்கு வானம் முட்ட இரும்பில் வளைவு கட்டியிருக்கிறார்கள். படகு இருக்கிறதுதானே என்று இவர்களிடம் அப்போது யாரும் சொல்லவில்லைப் போலிருக்கிறது.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். மறுபடியும் போய்ச் சண்டை பிடிக்கப் போகிறேன் என்றேன்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் ஒருக்காச் சொல்லிப்போட்டியள், காணும்" என்றாள். "இனியும் வாய் காட்டினால் வீட்டை போ எண்டு விட்டிடுவாங்கள். பிறகு பாலமும் இல்லை, சோறும் இல்லை."

"அந்தப் பிள்ளையின்ரை கதை உமக்குத் தெரியும்தானே?"

"ஓம், தெரியும். அதுதான் சொல்லுறன். அவளிட்டை உண்மையைச் சொல்லுங்கோ. அவங்களிட்டைச் சொல்லி என்ன பிரயோசனம்?"

மறுநாள் பாலத்தை அழித்தேன். அந்தக் காலத்தில் மை காய்ந்த கோட்டை ரப்பரால் அழிக்க முடியாது. சவர பிளேட்டைச் சாய்த்துப் பிடித்து, தாள் கிழியாமல், மையை மட்டும் சுரண்டி எடுக்கவேண்டும். நல்ல படவரைஞனுக்கு அடையாளம் வரைவதில்லை, சுரண்டுவது. தூண் தூணாகச் சுரண்டினேன். இந்த இடத்தில் பழியைத் தூக்கி என் தலையில் போட்டுக்கொள்ளும் பெருந்தன்மை எனக்கு இல்லை. பழி யாருடையது என்று எனக்குத் தெரியும்.

பிளேட்டால் சுரண்டிய இடத்தில் தாள் கொஞ்சம் மங்கிவிடும். பிரதி எடுத்தால் அந்த மங்கல் சாம்பல் கோடாக விழும். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அதைப் பார்த்தால் இங்கே ஏதோ இருந்தது, எடுத்துவிட்டார்கள் என்று கண்டுகொள்வார்கள். அவள் படம் வரைபவள் இல்லை. பிரதியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"ஏன் கூயா பாலத்தை இவ்வளவு மெல்லிசாகப் போட்டிருக்கிறீர்கள்? மற்றதெல்லாம் கறுப்பாக இருக்கிறது" என்று கேட்டாள்.

நான் உண்மையைச் சொன்னேன். அது பாலமில்லை, பாலம் இருந்த இடம் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். நேரே தலைமை எஞ்சினியரின் அறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"இரண்டாம் கட்டத்தில் வருமாம். அவரே சொன்னார். கையைப் பிடித்துச் சொன்னார்."

"இரண்டாம் கட்டம் என்றால் இல்லை என்று அர்த்தம்" என்றேன்.

"ஒன்றுக்குப் பிறகு இரண்டுதானே வரும்?"

பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படிப்பித்தார்கள். வீதி வேலையில் மட்டும் ஒன்றுக்குப் பிறகு இரண்டு வருவதில்லை. இலங்கையில் நானே எத்தனை இரண்டாம் கட்டத்தைப் பார்த்தவன். கேட்க வந்த ஊர்ச் சனத்தை அழவிடாமல் திருப்பி அனுப்புவதற்கு எங்கள் திணைக்களம் வைத்திருந்த சொல் அது. இல்லை என்று சொன்னால் கல்லெறிவார்கள். இரண்டாம் கட்டம் என்று சொன்னால் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். இதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அது உங்கள் நாட்டில். இது ஆஸ்திரேலியாக்காரர்கள் செய்கிறது. உங்களை எஞ்சினியராக வைத்திருக்கவில்லை என்ற எரிச்சலில் கதைக்கிறீர்கள்" என்றாள்.

சுட்டது. எரிச்சல் எனக்கு இருந்தது உண்மைதான். ஆனால் எரிச்சல்காரன் சொல்வதெல்லாம் பொய் என்று யார் சொன்னார்கள்? அன்றிலிருந்து அவள் கூயா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். படத்தைக் கொடுத்தால் வாங்குவாள், பிரதியைத் தருவாள். மூக்கு அடைத்திருந்தாலும் அந்த அறையில் நிற்க எனக்கு வேலை இல்லாமல் போயிற்று.

வீதி கட்டி முடிந்தது. அலுவலகத்தில் விருந்து வைத்தார்கள். கேக் வெட்டினார்கள். ஒதுங்கிக் கிடந்த ஒரு மீன்பிடி ஊர் உலகத்தோடு இணைந்துவிட்டது என்று தலைமை எஞ்சினியர் பேசினார். பேசிவிட்டு, நம்மிடையே அந்த ஊர்ப் பெண்ணொருத்தி இருக்கிறாள் என்று அவளைக் கைபிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். நான் கேக் சாப்பிடவில்லை. இனிப்பு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாம் கட்டத்துக்கு அவள் காத்திருந்தாள். இடைக்கிடை தலைமை எஞ்சினியரிடம் போய்க் கேட்பாள். அடுத்த நிதியில் பார்க்கலாம் என்பார். பிறகு அவரும் வேறு வேலைக்கு மாறிப் போனார். புதிதாக வந்தவருக்கு அந்த ஊரின் பெயரே வாயில் நுழையவில்லை. இதற்குள் மகளுக்கு அனுமதி கிடைத்து, அதன் காலமும் முடியப் போகிறது என்று குடிவரவு அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். இந்தத் தடவை விட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். மறுபடியும் கொடுப்பார்கள் என்று நிச்சயமில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்விடும் என்ற பயத்தில் அவள் விடுமுறை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். எனக்குச் சொல்லவில்லை.

திரும்பி வந்த அன்று அவளாகவே என் பலகைக்குப் பக்கத்தில் வந்தாள். "கூயா, கொஞ்சம் உள்ளே வாருங்கள்" என்றாள். பிரதி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"வீதி நல்ல வீதி" என்றாள் முதலில். "மரம் ஏற்றிய லொறியில் ஏறி, மலை கடந்து, ஒரு மத்தியானத்துக்குள் ஆற்றங்கரையில் இறங்கிவிட்டேன். அங்கேயிருந்து பார்த்தால் எங்கள் கோவில் தெரிகிறது. அக்கா வீட்டுக் கூரை தெரிகிறது. கூப்பிட்டால் கேட்கும் கூயா, அவ்வளவு கிட்ட."

அவள் படகில் அக்கரைக்குப் போயிருக்கிறாள். பிள்ளை வளர்ந்திருந்தது. முதலில் வெட்கப்பட்டு, பிறகு ஒட்டிக்கொண்டு, ராத்திரியில் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கியதாம். தினமும் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய்ப் பழக்கப் பார்த்தாள். நின்ற படகில் பொம்மையை வைத்துப் பார்த்தாள். பாதிரியாரைக் கொண்டு செபம் சொல்லிப் பார்த்தாள். கால் மணலைத் தாண்டவில்லை, உடம்பு விறைத்ததுதான் மிச்சம். விமானத்துக்கு நாள் வந்துவிட்டது. கடைசியில் ஊர் ஆண்கள் நான்கைந்து பேர் வந்தார்கள். பிள்ளையைப் பாயால் சுற்றித் தூக்கிப் படகின் அடிப்பலகையில் கிடத்தினார்கள்.

"அவர்கள் துடுப்புப் போடவேண்டும்தானே. யாராவது அவளை அமுக்கிப் பிடிக்கவேண்டும். நான்தான் பிடித்தேன். முகத்தைப் பலகையோடு சேர்த்துப் பிடித்தேன், தண்ணீரைப் பார்க்கக் கூடாது என்று. அப்பா அப்பா என்று கத்தினாள். பிறகு தன்னைப் பிடித்திருக்கிறது யார் என்று தலையைத் திருப்பிப் பார்த்தாள். பார்த்ததும் கத்துவதை நிறுத்திவிட்டாள்."

அமோனியா இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. எனக்குத்தான் கண்ணெரிந்தது. நெடி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். அன்றைக்கு நான் சொன்னது சரியாகிவிட்டதே என்று ஒரு சொல் அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சரியாக இருந்து என்ன கண்டோம்?

ஞாயிற்றுக்கிழமை இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டோம். மனைவி கோழிக் கறியில் உறைப்பைக் குறைத்துச் சமைத்திருந்தாள். மகள் மெலிந்த, நேர்த்தியான பிள்ளை. வணக்கம் சொல்லச் சொன்னால் சொன்னது. சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்தது. சாப்பிட்ட கோப்பையைத் தானே குசினிக்குக் கொண்டுபோய் வைத்தது. யாரும் குறை சொல்ல முடியாத பிள்ளை. தாய் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னது. தாயே ஏதாவது கேட்டால் தவிர அவள் பக்கம் திரும்பவில்லை. சோற்றைப் பிசைந்து ஒரு வாய் ஊட்டப் போனாள் தாய். பிள்ளை வாயைத் திறக்கவில்லை. கையை எடுத்த பிறகு தானே அள்ளிச் சாப்பிட்டது.

"இனிச் சரியாகிவிடும்" என்றாள் தாய் ஆங்கிலத்தில், எங்களைப் பார்த்து. "சின்னப் பிள்ளைதானே. மறந்துவிடும்."

"ஓம் ஓம், மறந்திடும்" என்றாள் என் மனைவி. அவள் பொய் சொல்லி நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

பின்னேரம் ஸ்டேஷன்வரை கூட்டிப்போனோம். பெரிய வீதியைக் கடக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமையானாலும் கார்கள் வந்துகொண்டிருந்தன. எந்தத் தாயும் அந்த இடத்தில் செய்வதைத்தான் அவளும் செய்தாள்: முன்னாலே பார்த்தபடியே கையைப் பின்னால் நீட்டினாள். பிள்ளை அந்தக் கையைப் பார்த்தது. தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டது.

"வா ராசாத்தி" என்று என் மனைவி குனிந்தாள். அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்த அந்நிய மனுஷியின் கையைப் பிள்ளை இறுகப் பிடித்துக்கொண்டது. இருவரும் வீதியைக் கடந்தார்கள்.

நானும் அவளும் இந்தப் பக்கம் நின்றோம். கார்கள் விட்டு இடைவெளி வந்தது. போவோம் என்றேன். அவள் நீட்டிய கை அப்படியே இருந்தது.